மஞ்சள் கட்டத்துக்குள் வண்டி

பதினொரு மணி ஆனால் போதும், இஸ்திரிக்காரம்மா சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எத்திவிட்டு, வண்டியைக் கிடங்குச் சுவரோரத்திலிருந்து மரத்தடிக்குத் தள்ளத் தொடங்கிவிடுவார். கூடவே ஊர்த் திடலே நகரும். சீட்டாடுகிறவர்கள் சீட்டை மார்போடு மறைத்தபடி பின்னால் போவார்கள். சைக்கிள்காரர் பாதி ஒட்டிய டியூபோடு போவார். மூன்று மணிக்கு எல்லோரும் எதிரே பள்ளிக்கூடச் சுவரின் நிழலுக்கு.

கைக்குக் கீழே தணலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற மனுஷிக்குத் தலைக்கு மேலும் நெருப்பு விழுந்தால் தாங்குமா? அதனால் திடலில் எந்த இடம் எத்தனை மணிக்குச் சுடும் என்பது அவருக்கு அத்துப்படி. "அங்க உக்காராதீங்க மாமா, இன்னும் பத்து நிமிஷத்துல வெயில் முதுகுல ஏறும்" என்பார். கேட்காதவர் பதினோராவது நிமிடம் அசடு வழிய எழுந்து வருவார். வயதானவர்களுக்குச் சந்துக் காற்று வருகிற மூலை. கைக்குழந்தைக்காரிகளுக்கு அடிமரம். ஊர் வம்பு பேசுகிறவர்களுக்கு வண்டிக்குப் பக்கத்திலேயே இடம். அது மட்டும் அம்மாவின் சொந்த வசதிக்காக.

அவருடைய கொழுந்தனார் ஊராட்சி உறுப்பினர். சும்மா இருப்பாரா? திடலை அழகுபடுத்துகிறேன் என்று அதிகாரி ஒருவரை அழைத்து வந்தார். காலை ஒன்பது மணிக்கு அளந்தார்கள். அந்நேரம் கிடங்குச் சுவரோரம் ஜிலுஜிலுவென்று இருந்தது. அடடா என்று அங்கேயே மண்ணை மூடித் தளம் போட்டு, சிமெண்டு பெஞ்சு ஒன்றைப் பதித்து, பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் கட்டமும் வரைந்துவிட்டார்கள். இனி இஸ்திரி வண்டி நாள் முழுக்க அந்தக் கட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும், தாண்டினால் திடலில் தொழிலே கிடையாது என்று நோட்டீசும் ஒட்டியாயிற்று.

"நெழலுக்கும் நோட்டீஸ் குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுக் கட்டத்துக்குள் நின்றார் அம்மா. முதல் நாள் ஒரு சட்டை தீய்ந்தது. இரண்டாம் நாள் அவருக்கே கண் இருட்டி, வண்டியைப் பிடித்துக்கொண்டார். பயந்துபோனார். இந்த வண்டியை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் உச்சிவேளையில் கொழுந்தனார் பார்வையிட வந்தார்.

"என்ன அண்ணி, வசதியா இருக்கா?"

"நிக்கிறவளுக்கு என்னங்க தம்பி தெரியும்? பெஞ்சுல உக்காந்து நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மரத்தடி மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பியது. மானப் பிரச்சினை. உட்கார்ந்தார்.

"நல்லாத்தான இருக்கு!"

சொன்னவர் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தார். பிறகு வலப்பக்கம். முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அடியில் விரித்துக்கொண்டார். "ஒரு பக்கம் வெந்துருச்சு, திருப்பிப் போடுங்கப்பா!" என்றது மரத்தடியிலிருந்து ஒரு குரல். கொழுந்தனார் சிரிக்க முயன்றார். வியர்வை வாய்க்குள் போனது. பின்னால் கிடங்குச் சுவர் வேறு தன் பங்குக்கு அனலை வீசிக்கொண்டிருந்தது.

பத்தே நிமிடம். துள்ளி எழுந்தவரின் வழுக்கைத் தலை செக்கச் செவேலென்று இருந்தது.

"அண்ணி, வண்டிய மரத்தடிக்கு எடுங்க. நோட்டீஸ நானே கிழிச்சுர்றேன்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளவும் செய்தார். மஞ்சள் கோடு சக்கரத்துக்கு அடியில் போனதை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மரத்தடிக்கு வந்ததும் இஸ்திரிக்காரம்மா துணிக்குத் தெளிக்கிற தண்ணீரைக் கை நிறைய அள்ளி, கொழுந்தனாரின் வழுக்கையில் சளசளவென்று இரண்டு தரம் தெளித்துவிட்டு, அடுத்த சட்டையை உதறி விரித்தார்.