தண்ணீர் இல்லாத மாதத்தில் வந்த மந்திரி

சட்டசபை மெம்பர் உத்தியோகத்துக்கு முதுகெலும்பு முக்கியம் என்பார்கள். என் அனுபவத்தில் உள்ளங்கைகள்தான் முக்கியம், இரண்டையும் ஓயாமல் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக நடந்து செருப்பைத் தேய்த்த சகோதரர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

முதல் கும்பிடு

திண்டிவனத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். வெயில் காலத்தில் பட்டணத்து வக்கீல்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் காற்று வாங்க வரும் பங்களாக்கள் அங்கே வரிசையாக இருக்கும். பங்களாக்களுக்குப் பின்னால் உப்பங்கழி. கழிக்கு அந்தப் பக்கம் மீனவர் குப்பம், இந்தப் பக்கம் திண்டிவனம் போகும் ரோடு. நடுவில் பாலம் கிடையாது.

முப்பத்தேழாம் வருஷத் தேர்தலில் அந்தக் குப்பத்துக்கும் போய்க் கும்பிட்டேன். மீன் விற்கும் அஞ்சலை சொன்னாள்: "மழைக் காலத்துல கூடையத் தலைல வச்சிக்கினு கழுத்து மட்டும் தண்ணில போறோங்க. ஒரு பாலம் போட்டுக் குடுங்க." அவசியம் போடுகிறேன் என்றேன். வரி கட்டுகிறவருக்கும் படித்தவருக்கும்தான் அப்போது ஓட்டு. குப்பத்தில் ஒருவருக்கும் கிடையாது. அது எனக்குத் தெரியும். அஞ்சலையின் தங்கை குப்புவுக்கும் தெரிந்திருந்தது. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"எங்களுக்குத்தான் ஓட்டே இல்லியாமே, அப்புறம் இன்னாத்துக்குக் கும்பிடுறீங்க?"

பரிசீலனை

ஜெயித்ததும் பாலத்தைப் பற்றிச் சட்டசபையில் கேள்வி போட்டேன். 'விஷயம் பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வந்தது. எனக்குப் பரம சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த விழுப்புரத்துக்காரர் அனுபவசாலி. என் தோளைத் தட்டி எழுப்பினார்.

"வேணாம்கிறதை மரியாதையாச் சொல்லியிருக்காங்க. காபி ஆறிடும், வாங்க."

மே மாதம்

மந்திரியே நேரில் வந்து பார்க்கட்டும் என்று அழைத்தேன். மே மாதம் குடும்பத்தோடு வருகிறேன் என்றார். நானும் தலையாட்டினேன். எங்கள் ஊர்க்காரர்களின் புத்தி அப்படி: பெரிய மனிதர் என்றால் மே மாதம், மே மாதம் என்றால் பெரிய மனிதர். ஐப்பசியில் பங்களாக்களில் ஓணான்தான் குடியிருக்கும்.

வந்தார். குப்பமே திரண்டு கரையில் நின்றது. கழி மட்டும் வரவில்லை. வெயிலில் வற்றி, வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடந்தது. மந்திரி செருப்பு நனையாமல் அக்கரைக்கு நடந்தார், திரும்பியும் நடந்து வந்தார். மழைக் காலத்தில் கழுத்தளவு ஓடும் என்று நான் என் கழுத்தையே தொட்டுக் காட்டினேன். அவர் உடன் வந்த இன்ஜினீயரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"பாலம் கட்டிடலாம், மெம்பர். அடியில எந்தத் தண்ணியை விடறதா உத்தேசம்?"

கார்த்திகை

அந்த வருஷக் கார்த்திகையில் அடைமழை. சந்தைக்குக் கிளம்பிய குப்பு கழியின் நடுவே கால் தவறினாள். கூடை அன்றைக்கே கரை ஒதுங்கியது; அவள் ஒதுங்க மறுநாள் ஆயிற்று.

துக்கத்துக்குப் போனேன். குப்பத்துக்குப் போனால் தானாகச் சேரும் கைகள் அன்றைக்குச் சேரவில்லை. எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. அஞ்சலை அழவில்லை. நுரைத்து ஓடிய கழியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மெம்பரு ஐயா, மந்திரிய இப்ப ஒருவாட்டி இட்டுக்கினு வாங்களேன்."

கூடாத சபை

அடுத்த ஐப்பசியில், யுத்தம் மூண்டதை ஒட்டி மந்திரிசபை விலகியது, சட்டசபையும் கூடவில்லை. கூடாத சபைக்கு ஆண்டுக்கணக்கில் மெம்பராக இருந்தேன். கேள்வி கேட்க இடமில்லை, பரிசீலிக்கவும் ஆளில்லை.

யுத்தம் கடலோரத்தை நெருங்கியபோது பட்டாளம் வந்தது. லாரி போக வேண்டும் என்று, ஒருவரையும் கேட்காமல், ஒரே வாரத்தில் கழிக்குக் குறுக்கே மரப்பாலம் போட்டுவிட்டார்கள். கூடையோடு அதில் நடந்து வந்த அஞ்சலை என்னைக் கண்டு நின்றாள்.

"குப்பு இருந்தா கேட்டிருப்பா, ஐயா: இவங்களுக்கு யாரு ஓட்டு போட்டாங்கன்னு."

கடலோரத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த பழந்தமிழ் இலக்கணக்காரர், எங்கள் தொகுதியில் ஒருமுறையாவது மெம்பராக இருந்திருக்க வேண்டும் என்றே நம்புகிறேன்.