தசரதன் அழித்த ஸ்கேன்

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்தில் பிறந்த தசரதன், வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தான். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கே போவார்கள். அதில் அவனுக்கும் பெருமைதான்.

அங்கே ஒரு தொல்லை இருந்தது. நோயாளிகளின் பதிவுகளைக் கவனிக்கும் சர்வரே அவற்றின் மாற்று நகலான பேக்கப்பையும் எடுத்துக்கொண்டிருந்தது. பேக்கப் ஓடினால் சீட்டுப் போடும் இடத்தில் திரை அப்படியே நின்றுவிடும். வரிசை வாசல்வரை நீளும். அந்த வேலையைச் சர்வரிடமிருந்து பிரித்து வேறொரு கணினிக்குக் கொடுத்தால், அது வட்டுகளை இணைக்கும் ஸ்டோரேஜ் நெட்வொர்க் வழியாக அவற்றிலிருந்து நேராகவே நகலெடுத்துக்கொள்ளும் என்று யோசனை சொன்னவன் தசரதன். மேலாளர் அருள்மணி பொறுப்பை அவனிடமே விட்டார்.

அந்தக் கணினிக்கு வட்டுகளைப் படிக்க மட்டும்தான் உரிமை கொடுத்திருக்க வேண்டும். எழுதவும் கொடுத்துவிட்டான். இணைத்ததும், புது வட்டு தெரிகிறது, தயார் செய்யட்டுமா என்று திரை கேட்டது. பின்னால் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்த மிதப்பில், படித்துப் பார்க்காமல் சரி என்று அழுத்தினான். அது ஸ்கேன் படங்கள் இருந்த வட்டு; தயார் செய்ததில் எல்லாம் அழிந்துபோயின.

பழைய படங்களை முந்தைய பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். அன்று காலை எடுத்தவை போனது போனதுதான். மறுபடி வரச் சொல்லி எல்லோருக்கும் போன் போட்டார்கள். காந்தாவுக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை. அவள் தசரதனின் ஊர். அவனுக்கு அத்தை முறை. நீயே போய்க் கூட்டிவா, மெஷின் கோளாறு என்று சொல் என்றார் அருள்மணி.

அவன் போனபோது காந்தா பக்கத்து வீட்டுத் தேவியோடு உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரே இவன் கையில்தான் என்று தேவியிடம் சொல்லிப் பூரித்தாள். படம் சரியாக வரவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்றான். அவள் முகம் வாடிவிட்டது.

"எனுக்குத் தெரியும்பா. அசையாம படுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நான்தான் உள்ள இருமிட்டேன். உனுக்குத்தான் வீண் அலைச்சல்."

தலையாட்டிவிட்டால் முடிந்தது. ஆட்டத்தான் போனான். அந்த ஒரு கணம்தான் பின்னால் அவனை வெகுநாள் அரித்தது.

"இல்ல அத்த. படம் நல்லாத்தான் வந்துச்சு. நான்தான் தப்பா அழுத்தி அழிச்சிட்டேன்."

தேவி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். காந்தா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இத அங்க யார்கிட்டயும் சொல்லாத. வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."

அவள் திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

மறுநாள் போளூர் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கும்போது, திரும்பவும் எதற்கு ஆஸ்பத்திரி என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டார். உள்ளே இருமிவிட்டேன், படம் கெட்டுப்போச்சு என்றாள் காந்தா. பக்கத்தில் இருந்த தசரதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டாவது படத்தில் பயப்படும்படி ஒன்றுமில்லை. மாத்திரை போதும் என்றார் டாக்டர். தசரதன் அந்த எழுதும் உரிமையை நீக்கினான். சக ஊழியன் ஆனந்தனையும் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னான். இப்போது பேக்கப் ஓடும்போதும் வரிசை நகர்கிறது. ஊழியர் கூட்டத்தில் அதற்காக அவனைக் கைதட்டிப் பாராட்டினார்கள். அவன் எழுந்து நிற்கவில்லை.