லைட் ஹவுஸ்காரன் என்ன ஆனான்?

அம்மா ஒரு புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டால் அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நல்ல புத்தகம் என்றால் அன்றைய குழம்பில் உப்பு மறந்துபோயிருக்கும். மோசமான புத்தகம் என்றால் உப்பெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் தட்டு வைத்ததுமே விசாரணை தொடங்கிவிடும். எழுதியவர் எங்கோ ஓர் ஊரில் நிம்மதியாக இருப்பார், அவருக்குப் பதிலாக அப்பா மாட்டிக்கொள்வார். அப்பா கீரிப்பாறையிலிருந்து ரப்பர் பால் ஏற்றிவரும் வண்டியின் டிரைவர். ஒரு நாவலைக்கூட வாசித்தவர் இல்லை. ஆனாலும் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தபடி, எழுதியவர்கள் எல்லோருடைய குற்றங்களையும் தானே ஏற்றுக்கொள்வார்.

அருமனை கிளை நூலகத்தில் அம்மாவின் கை படாத அலமாரி கிடையாது. துப்பறியும் கதை, குடும்பக் கதை, அரண்மனைக் கதை, பயணக் கட்டுரை, தேனீ வளர்ப்பு, எலும்பு முறிவுக்கு முதலுதவி என்று எது கிடைத்தாலும் எடுத்துவருவாள். எல்லாவற்றுக்கும் ஒரே தராசுதான். பனிமலைக்குப் போய்வந்த ஒருவர் எழுதிய புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இவ்வளவு பெரிய மலை ஏறியிருக்காரு, ஒரு எடத்துலயும் மூச்சு வாங்கலியே. கார்லதான் போயிருப்பாரு," என்றாள். தடிமனான குடும்ப நாவல் ஒன்றில் பாதிக் கதைக்கு எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே நிற்கிறார்களாம். "ஒருத்தராவது கதவத் தொறந்து வெளிய போகாண்டாமா?" அரண்மனைக் கதைகள் பக்கம் அவளுக்குத் தீராத ஒரு கோபம் உண்டு. போர்க்களத்தில் அத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு வடித்தது யார் என்று ஒரு வரிகூட இருக்காது என்பாள். குறையே சொல்லாமல் விட்டது அந்தத் தேனீப் புத்தகத்தை மட்டும்தான். அதை வைத்து அவள் ஒரு வாரம் பேசினாள். எங்கள் தோட்டத்தில் பறந்த ஈக்கள்கூட அந்த வாரம் மரியாதையாக நடத்தப்பட்டன.

இப்படி நார்நாராகக் கிழித்துக் காயப்போடுகிறவள், ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள். கதையின் முடிவு. முடிவைச் சொல்வது அடுத்தவர் இலையில் இருக்கிற பப்படத்தை எடுத்து நொறுக்குவது மாதிரி என்பாள். கெஞ்சினாலும் சொல்ல மாட்டாள். அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்துவரும் வழியிலேயே கடைசிப் பக்கங்களை நின்று வாசித்துவிடுவேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. பாடப்புத்தகத்தில் அவரை விதை போல இரண்டு படம் போட்டிருந்தார்கள். அதைப் பல தடவை எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு சின்னதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பா தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கத் தயாராக இருந்தார். சர்க்கரை இருந்ததால் டாக்டர் முடியாது என்றுவிட்டார். அதற்குப் பிறகு அப்பா வீட்டில் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். கோடை விடுமுறை தொடங்கியதும் துணைக்கு நான் போனேன். அப்பா காலையில் எங்களை இறக்கிவிட்டுப் போவார், மதியத்துக்கு மேல் வந்து அழைத்துப்போவார். பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது என்று சட்டம் இருந்தது. அங்கிருந்த சிஸ்டர் என்னைக் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, கதவோரம் உள்ளே ஆகாது என்று முடிவுசெய்துகொண்டார்.

நான்கு கட்டில்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் இயந்திரம். அம்மாவின் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வரும். ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது. ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்டவும் முடியாது. வாசிக்க முடியாத அந்த நேரத்தை அம்மாவால் தாங்க முடியவில்லை. ஒருநாள் சிஸ்டர் பேச்சுவாக்கில், கடைசியாக என்ன புத்தகம் வாசித்தீர்கள் என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அந்த மலை ஏறியவர் அன்று மறுபடியும் விசாரிக்கப்பட்டார். முடிந்தபோது நான்கு கட்டிலிலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் அதற்கு முன்னால் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதிகமாகச் சிரித்தவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த இனயத்து மாமா. இனயம் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சர்க்கரை வந்து சிறுநீரகத்தோடு கண்ணையும் மங்கவைத்துவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏட்டி மக்கா, ஒனக்க அம்மா இண்ணைக்கு யாரக் கிழிக்கப் போறா?" என்று கேட்பார். அதன்பிறகு செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அம்மா தயாராகிக்கொண்டு வரத் தொடங்கினாள். அந்த நாட்களில் அவள் ஊசிக்குப் பயந்ததாக எனக்கு நினைவில்லை. என்ன சொல்வது, எங்கே நிறுத்துவது என்றே யோசித்துக்கொண்டு வருவாள்.

அப்படித்தான் அந்தத் துப்பறியும் நாவல் வந்தது. கடலோரத்தில் ஒரு லைட் ஹவுஸ். விளக்கைப் பார்த்துக்கொள்கிறவன் ஒருநாள் காணாமல் போகிறான். சாப்பிட உட்கார்ந்த தட்டில் சோறு ஆறவில்லை. கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. ஊரில் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். அவன் மனைவி மட்டும் அவன் வருவான் என்று உட்கார்ந்திருக்கிறாள். அம்மா இதைச் சொன்னபோது சிஸ்டர் ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். மனைவி ஒருநாள் அவனுடைய இரும்புப் பெட்டியைத் திறக்கிறாள். அந்த இடத்தில் அம்மா நிறுத்தினாள்.

"பிறவு?" என்றார் இனயத்து மாமா.

"பிறவு வாசிச்சுப் பாத்துக்கிடணும் அண்ணே."

"எனக்கு கண்ணே செரியா தெரியல்ல. இதுல எழுத்து எங்க தெரியப் போவுது? பெட்டிய விடு. அவன் செத்தானா, இருக்கானா? அத மட்டும் சொல்லு தங்கச்சி."

அம்மா சொல்லவில்லை. வீட்டில் அக்காவை, அதாவது மாமாவின் மனைவியை, வாசிக்கச் சொல்லுங்கள் என்று அடுத்த தடவை புத்தகத்தையே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை ஊசி இல்லாத கையால் தடவிப் பார்த்தார். அடுத்து வந்தபோது, சோறு ஆறாமல் இருந்த இடத்தைத் தாண்டியாயிற்று என்றார். அதற்கடுத்து, கதவைப் பூட்டியது யார் என்று தனக்குத் தெரிந்துவிட்டதாகச் சொல்லி அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அம்மா முகத்தை அசைக்கவில்லை. இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அவருடைய கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. மாமா எங்கே என்று சிஸ்டரிடம் கேட்டேன். சிஸ்டர் என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அன்று அம்மா எந்தப் புத்தகத்தைப் பற்றியும் பேசவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஓர் அம்மா கதவருகே வந்து நின்றார். கையில் துணிப்பை. சிஸ்டரிடம் ஏதோ கேட்டுவிட்டு எங்கள் கட்டிலுக்கு வந்தார். பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார். அதற்குச் செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தது.

"லைப்ரரி புக்குல்லா தங்கச்சி. தேடுவாவ."

அம்மா அவரைக் கட்டிலிலேயே உட்காரச் சொன்னாள். அவர் ஓரமாக உட்கார்ந்தார். வெகுநேரம் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்காக வெளியே காத்திருந்து அவருக்கு அந்தச் சத்தம் பழக்கமானதுதான்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஒரு பக்கம் முடிய அர மணிக்கூர் ஆவும். அவிய கோவப்படாம கேட்டுக்கிட்டு கெடப்பாவ. பெட்டியத் தொறக்குத எடம் வந்துது. கண்ணு வலிக்கி, மிச்சம் நாளைக்கின்னு மடக்கி வச்சேன்."

அவர் புத்தகத்தின் செய்தித்தாள் அட்டையை நீவிவிட்டார்.

"அதுக்கப்புறம் தனியா வாசிக்க மனசு வரல்ல. அந்த லைட் ஹவுஸ்காரன் என்ன ஆனான் தங்கச்சி? அவிய அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தாவ. செத்தானா, இருக்கானா?"

எனக்கு அது தெரியும். அவன் கடலில் விழுந்து செத்துப்போயிருந்தான். கடைசிப் பக்கத்தில் மனைவி தனியாகப் படியேறிப் போய் விளக்கை ஏற்றுவாள். புத்தகத்தைக் கொண்டுவந்த அன்றே அருமனை சந்திப்பில் நின்று வாசித்திருந்தேன். அம்மா எப்படியும் சொல்லப்போவதில்லை, இந்த அம்மாவும் கெஞ்சிவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன்.

"இருக்கான் அக்கா," என்றாள் அம்மா. "ஒரு வள்ளக்காரங்க பாத்து கரையில கொண்டு சேத்துருதாங்க. பொண்டாட்டி போயி கையப் பிடிச்சு கூட்டிட்டு வாறா. அதோட கத முடியுது."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவின் மற்றக் கை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. அவ்வளவு பலம் அவளுக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அந்த அம்மா தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நல்லது," என்றார். "ஞாயித்துக்கெழம கல்லறைக்குப் போவும்ப சொல்லிருதேன்." எழுந்து, என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அம்மாவின் காதருகே போனேன். அவன் செத்துத்தானே போவான் என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தை முதலிலேயே வாசித்ததற்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். "வாசிச்சியா? நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்குக் கவலையாகிவிட்டது. திரும்பும்போது வண்டியில் அம்மா கண்மூடிச் சாய்ந்திருந்தாள். நான் அப்பாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, வாசித்த கதையையே தப்பாகச் சொல்கிறாள், அந்த இயந்திரம் ரத்தத்தோடு வேறு எதையோ எடுத்துவிடுகிறது, டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன். அப்பா முழுவதையும் கேட்டார். வண்டி குழித்துறைப் பாலத்தைத் தாண்டியது. பிறகு, "செரி மக்கா, சொல்லுவோம்," என்றார்.

அவர் சொன்னதாகத் தெரியவில்லை. அம்மாவின் மறதியும் சரியாகவில்லை, கூடிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குப் போவாள். "இதுல கடசியில அண்ணனும் தம்பியும் பேசிக்கிடுவாவ. பயப்படாண்டாம். இப்ப மொதல்ல இருந்து சொல்லுதேன்," என்று ஆரம்பிப்பாள். பப்படம் என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை, கோபம் மட்டும் வந்தது. ஆனால் கட்டில்களில் இருந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. முடிவு தெரிந்தபிறகு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நிம்மதியாகக் கேட்டார்கள்.

வீட்டிலும் விசாரணைகள் நின்றுபோயின. வில்லாளிகளும் இளவரசிகளும் நிறைந்த ஓர் அரண்மனைக் கதையை அம்மா முழுதாக வாசித்தாள். சோறு வடித்தவர்களைப் பற்றி அதிலும் ஒரு வரி இல்லை. "எழுதுனவரும் பாவம்லா, எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்காரு," என்றாள். அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "இல்ல, அந்தாளு செஞ்சது தப்புதான்," என்று எடுத்துக்கொடுத்துப் பார்த்தார். அம்மா அதற்கும் கோபப்படவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் கார்த்திகை மாதத்துக்குள் அம்மா போய்விட்டாள். நான் இங்கே சொல்ல நினைத்தது அதற்குக் கொஞ்சநாள் முன்பு நடந்தது.

ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். லைப்ரரி சார் மேசைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். புதிதாக வந்திருந்த நாவல். செங்கல் போல அவ்வளவு தடிமன். முதலில் என் அம்மாதான் வாசிக்க வேண்டும் என்று யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வீடுவரை ஓடினேன். இவ்வளவு பெரிய புத்தகத்தை அதுவரை நான் கொண்டுவந்ததில்லை.

அம்மா அதை மடியில் வைத்து முகர்ந்து பார்த்தாள். முதல் பக்கத்தை வாசித்தாள். இரண்டாவது பக்கத்தையும் வாசித்தாள். "நல்லா எழுதியிருக்காரு," என்றாள். பிறகு மூடி என்னிடமே நீட்டினாள்.

"இது இப்ப வேண்டாம் மக்கா. குடுத்துட்டு சின்னதா ஏதாவது எடுத்துட்டு வா."

"முடிக்க முடியலேன்னா தேதி நீட்டித் தருவேன்னு சார் சொன்னாரு," என்றேன். அதுதான் உண்மை, சார் அப்படித்தான் சொல்லியிருந்தார். அம்மா சிரித்தாள். நாற்காலியில் இருந்த அப்பா எழுந்து முற்றத்துக்குப் போனார். காலையில் கழுவி நிறுத்திய வண்டியை மறுபடியும் கழுவத் தொடங்கினார். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.

நான் குடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் நூலகத்துக்குப் போனேன். ஒவ்வொரு புத்தகமாகக் கையில் தூக்கிப் பார்த்து, உள்ளதிலேயே மெலிந்த ஒன்றை எடுத்துவைத்தேன். ஏன் இந்த மாற்றம் என்று லைப்ரரி சார் கேட்டார். ஊசி போட்ட கை, கனம் தாங்க முடியவில்லை, அதனால்தான் என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன்.