நூர்ஜஹானும் என் தப்புக் கணக்கு நோட்டும்

ஆனிக் கடைசியில் ஒரு நாள், காலை ஒன்பது மணி இருக்கும். மறுநாள் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தருவோம் என்கிற பட்டியலைக் கன்ட்ரோல் ரூமில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உத்தமபாளையத்திலிருந்து நூர்ஜஹானின் தம்பி பேசினார். "அண்ணே, அக்கா மவுத்தாயிட்டாக. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அடக்கம். வந்துருங்கண்ணே" என்றார். பட்டியலை அனுப்ப அரை மணி நேரம்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். அனுப்பாமல் போயிருந்தால் நூர்ஜஹான் என்ன சொல்லியிருப்பார் என்று அவருடன் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும்.

எங்கள் காற்றாலைப் பண்ணையில், நாளைய காற்றைக் கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்லும் முன்கணிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளராக அவர் வந்தபோது அவருக்கு முப்பத்து நான்கு வயது, எனக்கு ஐம்பத்து மூன்று. ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே நிற்கும் சின்னக் காற்றாடிகளுக்கு நான் ஃபோர்மேன். அந்த வருடம்தான் பழைய காற்றாடிகளில் ஏழெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு ராட்சத மிஷினை நிறுத்த ஆரம்பித்தார்கள். சென்னையில் உட்கார்ந்தபடியே அதை ஓட்டலாம், நிறுத்தலாம். இனி ஃபோர்மேன் எதற்கு என்று பேச்சு அடிபட்டது. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் ஃபீஸ் எப்படிக் கட்டுவது என்று பயம்.

பயந்தவன் வாய் சும்மா இருக்குமா? டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும், "குமுளி மலையில இருந்து எறங்குற காத்து கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிட்டா வருது? எனக்குத் தெரியாத காத்தா?" என்று சவால் விட்டேன். டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த நூர்ஜஹான் கோபப்படவில்லை. போய் ஒரு நோட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"செரிண்ணே. நாளைக்குக் காத்து எப்படின்னு தெனமும் இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கம்ப்யூட்டர் சொல்றதைப் பார்க்கக் கூடாது. தப்பாப் போச்சுன்னா அடிச்சுத் திருத்தவும் கூடாது" என்றார்.

ஆடி முழுக்க எழுதினேன். முக்கால்வாசி நாள் தோற்றேன். தப்பாய்ப்போன வரிகளுக்குப் பக்கத்தில் அவர் சிவப்பு மையால் ஒரு சின்னச் சுழி போடுவார், அவ்வளவுதான். ஒரு நாள் பேய்க்காற்று அடிக்கும் என்று எழுதிவைத்தேன். மறுநாள் கொடியில் காய்ந்த என் வேட்டிகூட அசையவில்லை. "என்ன சீனியண்ணே, ஒங்க காத்து கேரளாவுலயே நின்னுருச்சா?" என்று பையன்கள் ஓட்டினார்கள். மாதக் கடைசியில் நோட்டை அவரிடம் கொடுத்தபோது, வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

சென்னையிலிருந்து மேனேஜர் வந்திருந்த அன்று நூர்ஜஹான் என்னையும் கூப்பிட்டார். "அண்ணன் காத்தைப் பத்தி எழுதுனது பெரும்பாலும் தப்பு சார்" என்றுதான் ஆரம்பித்தார். எனக்குக் காது சுட்டது. எதையும் பூசி மெழுகுகிற ஆள் இல்லை அவர். பிறகு நோட்டைத் திருப்பி, பக்கங்களின் ஓரத்தைக் காட்டினார். பழக்க தோஷத்தில் காற்றாடிகளைப் பற்றி அங்கே நான் கிறுக்கியிருந்தேன். 'பதினொன்றாம் நம்பர் கரகரக்கிறது, நாளைக்கு நிற்கும்.' 'நாலாம் நம்பர் இறக்கைச் சத்தம் சரியில்லை.' அதெல்லாம் எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

"இதுல ஒண்ணுகூடத் தப்பலை சார். காத்தைக் கம்ப்யூட்டர் செரியாத்தான் சொல்லுது. எல்லா மிஷினும் ஓடும்னு அது நம்புது பாருங்க, அங்கனதான் நம்ம கணக்கு ஒதைக்குது. எது நிக்கும்னு அண்ணன் சொல்லட்டும்."

அப்படித்தான் அவர் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. புதிய மிஷின்களின் அதிர்வைக் காட்டும் கோடுகளைத் திரையில் படிக்கவும் பழகிக்கொண்டேன். என் காது ஒன்று சொல்லி, கோடு வேறொன்று சொன்னால் இரண்டையும் எழுதச் சொல்வார். மகள் படிப்பை முடித்த அன்று இனிப்போடு போய் நன்றி சொன்னேன். "எனக்கு எதுக்குண்ணே? தப்பை மறைக்காம எழுதுனது நீங்கதான?" என்று சொல்லி, ஜாங்கிரியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றார்.

அவர் கணக்கும் பிசகும். மேலிடத்திலிருந்து போனில் கத்தினால், "என் தப்புத்தான் சார்" என்பார். ஒரு தடவைகூடக் காற்றின் மேல் பழி போட்டதில்லை. மின்சாரத்தைச் சேமித்துவைக்கப் பண்ணைக்குப் பெரிய பேட்டரி வரப்போகிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "மத்தியானக் காத்தைச் சாயங்காலத்துக்கு எடுத்து வச்சுக்கலாம்ணே. நம்ம தப்பையும் அது கொஞ்சம் தாங்கிக்கிரும்" என்பார். இப்போது அதற்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். பார்க்க அவர் இல்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பங்குனியில், உடம்புக்கு முடியாமல் இருந்த அவரை மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார்.

"நோட்டு எழுதுறீகளா?"

"எழுதுறேன்மா."

"நான் எப்ப வேலைக்கு வருவேன்னு எழுதியிருக்கீக?"

"ஆடிக் காத்துக்கு முன்னால."

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அதுவரை நான் எழுதியிருக்கவில்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் பிழைப்பைக் காப்பாற்றியவர் அவர். அதைவிட, தப்பைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் கொடுத்த நோட்டுதான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. அடக்கத்துக்கு மறுநாள் காலை அதைத் திறந்தேன். ஆடிக்கு முன் வந்துவிடுவார் என்கிற வரி என் கையெழுத்தோடு அப்படியே இருந்தது. பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. சிவப்பு மையால் பக்கத்தில் ஒரு சின்னச் சுழி போட்டேன். அதற்குக் கீழே எழுதினேன்: 'நாளை நல்ல காற்று. ஆறாம் நம்பர் நிற்கும்.'