ஸ்டன் என்றொரு வினைச்சொல்

அயர்லாந்தில் வெயில் அடித்தால் போதும், எதிர்வீட்டு அம்மாள் ‘ஸ்டன்னிங்’ என்பார். என் பருத்திப் புடவையும் ஸ்டன்னிங், வேர்க்கடலை வறுத்து நான் பிடித்துக் கொடுத்த மல்லாட்டை உருண்டையும் ஸ்டன்னிங். திண்டிவனத்துப் பள்ளியில் ஸ்டன் என்ற வினைச்சொல்லுக்குப் ‘பிரமிக்க வை’ என்று படித்தவள் நான். இவர்கள் எதற்கெல்லாம் பிரமிக்கிறார்கள் என்று சிரித்துக்கொள்வேன்.

என் கணவர் முருகன் திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள பெருமுக்கல்காரர். இங்கே இறைச்சிக்கூடத்தில் வேலை. ஆடு பார்த்துக்கொள்ளும் வேலை என்பார். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். சில நாள் கை கழுவப் போனவர் நெடுநேரம் வெளியே வரமாட்டார். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மதியம் அவருடைய மேற்பார்வையாளர் போன் செய்தார். என் கணவர் ஸ்டன் ஆகிவிட்டார் என்றார். எதைப் பார்த்து என்று நான் சிரித்தபடி கேட்டேன். நான் அவர் மனைவிதானே என்று மறுபடி கேட்டார். பிறகு மெதுவாக விளக்கினார். அறுப்பதற்கு முன் ஆட்டின் தலையில் மின்சாரம் பாய்ச்சி மயக்குவார்களாம். அதற்குப் பெயர்தான் ஸ்டன். ஆடு துள்ளியதில் அந்தக் கருவி இவர்மேல் பட்டுவிட்டது.

மருத்துவமனையில் இவர் கண்கள் திறந்திருந்தன. பார்வை என்மேல் நிற்கவில்லை. மறுநாள்தான் பேசினார்.

“மயங்கிட்டா ஆட்டுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க, செல்வி. எனக்கு எல்லாம் தெரிஞ்சிக்கினுதான் இருந்துச்சி. கையக் கால அசைக்கத்தான் முடியல.”

விடுப்பில் ஊருக்கு வந்தோம். உடம்பில் குறையொன்றும் இல்லை என்றார் விழுப்புரத்து மருத்துவர். ஆனால் மகன் பிழைத்ததற்காக மாமனார் எல்லையம்மனுக்குக் கிடா நேர்ந்திருந்தார். வேண்டாம் என்று இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“உன் உசுருக்குப் பதிலா நேர்ந்துகினேம்பா. சாமிகிட்ட இல்லன்னு சொல்லக்கூடாது” என்றார் மாமனார்.

கிடா வெட்டும் நாள் காலை கோயிலில் பம்பைச் சத்தம் தொடங்கியதும் இவரைக் காணவில்லை. தேடிப் போனேன். பேருந்து நிறுத்தத்தில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

“பிளேன் டிக்கெட்ட முன்னாடி மாத்திப் போடு. போயிடலாம்.”

“அங்க போனா திரும்பவும் அந்த வேலைதானேங்க?” என்றேன்.

திண்டிவனம் பேருந்து வந்து நின்றது. இவர் எழுந்து படியில் ஒரு காலை வைத்தார். அதற்குள் கிடாவை வெட்டும் நேரம் வந்து, கோயில் பக்கம் பம்பை சட்டென்று அடங்கியது. வைத்த காலை எடுக்கவுமில்லை, மற்றதைத் தூக்கவுமில்லை. நடத்துனர் இரண்டு முறை விசில் ஊதினார்.