சுவர் சாய்ந்த கடைசிக் காட்சி

நிகழ்ச்சி நிரலை நான்தான் தயாரித்திருந்தேன். வரவேற்புரை, நடிகையுடன் உரையாடல், ஆய்வாளருடன் உரையாடல், பார்வையாளர் கேள்விகள், நன்றியுரை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று குறித்து, நடுவில் தேநீருக்கும் இடம் விட்டு, நகல் எடுத்து நாற்காலிக்கு ஒன்றாக வைத்தேன். எதுவுமே அந்த வரிசைப்படி நடக்கவில்லை. நன்றியுரை நடக்கவே இல்லை. நான் ஏற்பாடு செய்த நிகழ்ச்சிகளில் இவ்வளவு சீர்கெட்டுப் போனது வேறு கிடையாது. இவ்வளவு சந்தோஷமாக நான் வீடு திரும்பியதும் கிடையாது.

ஆலங்குடியில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். இந்த முறை பழைய தொலைக்காட்சியைக் கொண்டாடலாம் என்று முடிவு செய்தோம். ஒரே ஒரு சேனல் மட்டும் இருந்த காலத்து நாடகங்களை ஆராய்கிற ஒருவர் சென்னையிலிருந்து வர ஒப்புக்கொண்டார். பதிமூன்று வாரம் ஓடிய ஒரு குடும்பத் தொடரில் இரண்டாவது மருமகளாக நடித்தவரையும் கையோடு அழைத்து வருவதாகச் சொன்னார். நான் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. இலுப்பூரில் எங்கள் தெருவில் அப்போது டிவியே கிடையாது. கல்யாணமாகித்தான் ஆலங்குடிக்கு வந்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபத்தில் சின்னக் கூடம் கிடைத்தது. பெரிய கூடத்தில் ஒரு காதுகுத்து. நடுவில் மடக்குக் கதவு மட்டும்தான். அங்கே பாட்டு போட்டால் இங்கே நாற்காலி அதிரும். என் கணவர் இரண்டு முறை போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். இரண்டாவது முறை கையில் மைசூர்பாகோடு திரும்பி வந்தார். சத்தம் குறையவில்லை.

நடிகைக்கு அறுபதைத் தாண்டிய வயது. நரைத்த கொண்டை, பெரிய பொட்டு, எதிரில் இருப்பவரையும் சிரிக்க வைக்கிற வாய். மேடையில் உட்கார்ந்ததும் என் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"நீங்க நடிக்க வந்தது எப்படி?"

"அது கெடக்கட்டும்மா. நான் இங்க ஒண்ணு கேக்கத்தான் வந்திருக்கேன்" என்றார். மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

அந்தத் தொடரில் பன்னிரண்டு வாரம் அவருக்கு வசனமே இல்லை. தண்ணீர் கொண்டு வருவது, விளக்கேற்றுவது, மாமியார் திட்டினால் தலை குனிவது, அவ்வளவுதான். பதிமூன்றாவது வாரம், வீட்டைப் பாகம் பிரிக்கிற காட்சியில், முதல் முறையாக வாய் திறந்து நீளமாகப் பேசுவார். அதை ஒரே தடவைதான் படம்பிடித்தார்கள். நடுவில் ஏதோ கோளாறு. ஸ்டூடியோவை அடுத்த குழுவுக்கு விட வேண்டிய நேரம் வந்துவிட்டது. "பாத்துக்கலாம், வேணும்னா வெட்டிடலாம்" என்று சொல்லி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். ஒளிபரப்பான அன்று அவர் வேறோர் ஊரில் மேடை நாடகத்தில் இருந்தார். அவருடைய அம்மா வீட்டில் சரியாக அந்த நேரத்தில் கரண்டு போய்விட்டது.

"டேப் என்ன ஆச்சுன்னு சாரைக் கேளுங்க" என்று ஆய்வாளரைக் கை காட்டினார்.

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்தக் காலத்துல டேப் விலை ஜாஸ்திங்க. பழசை அழிச்சிட்டு அதுமேலயே புதுசா எடுப்பாங்க. தேடிக் கண்டுபிடிச்சுப் போட்டுப் பாத்தேன். நெல்லுல பூச்சி மருந்து அடிக்கிறது எப்படின்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டிருக்கார்."

கூடம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நடிகையும் சிரித்தார், ஆனால் மைக்கை விடவில்லை.

"நான் பேசினது அந்த ஒண்ணுதான். அது வந்துச்சா, வெட்டிட்டாங்களா? போற ஊருல எல்லாம் கேக்குறேன். யாராச்சும் பாத்தீங்களா?"

"என்ன கோளாறுன்னு சொன்னீங்கன்னா ஞாபகம் வரும்" என்றேன்.

"அதச் சொல்ல மாட்டேன். சொன்னா, ஆமா பாத்தோம்னு எல்லாரும் என் மனசு கோணாம சொல்லிடுவீங்க. அத நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

என் நிரலில் அடுத்தது 'ஆய்வாளருடன் உரையாடல்'. கடைசி வரிசையிலிருந்து அரிமளத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "நான் பாத்தேங்க. கடைசில நீங்க எல்லாரையும் விட்டுட்டுக் கப்பல் ஏறிப் போயிட்டீங்க. கரையில ஒரு ஆளு தொப்பியக் கழட்டி ஆட்டுனாரு."

நடிகை திகைத்துப்போனார். "கப்பலா? எங்களுக்கு ஆட்டோ வாடகைக்கே காசு இல்லையே!"

"யோவ், அது இலங்கைக்காரன் படம்யா!" என்று இந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "ஒங்க வீட்டு ஆன்டெனா அங்கிட்டுத் திரும்பிக்கிச்சு."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். அந்த நாளில் எங்கள் பக்கத்து ஆன்டெனாக்களைக் கொடைக்கானல் மலையைப் பார்த்து, மேற்கே திருப்பி வைப்பார்கள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அல்லது காக்கா உட்கார்ந்தால் கம்பி கிழக்கே திரும்பிவிடும். உடனே கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம் வந்துவிடும். கதை நடுவில் மாறியது தெரியாமலே பலர் பார்த்து முடித்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டுல அவங்க டாக்டருக்குப் படிச்சிட்டு வந்தாங்க" என்றார் ஒருவர். "எங்க வீட்டுல மாமியாருக்குக் கண்ணு தெரியாமப் போச்சு" என்றார் இன்னொருவர். "எங்க வீட்டுல புள்ளிதான் வந்துச்சு" என்றார் மூன்றாமவர். ஆய்வாளர் துள்ளாத குறைதான். "ஒரே நாடகத்துக்கு ஊருல ஆளுக்கொரு முடிவு! இத எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு!" என்று எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்தார்.

நடிகை மட்டும் மைக்கை மெல்ல மடியில் வைத்துவிட்டார். கப்பல் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது அதையல்ல.

இந்த இரைச்சலில் மடக்குக் கதவு திறந்துவிட்டது. காதுகுத்துக்கு வந்தவர்கள் தாம்பூலப் பையோடு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "ஏ, டிவில வந்தவங்கடி!" என்று ஒரு குரல் கேட்டது. நாற்காலி போதாமல் நின்றார்கள். அவர்களில் கடைவீதி அரிசிக்கடை அம்மாவும் ஒருவர். தலையில் முக்காடு, ஒரு கையில் தாம்பூலப் பை, மறு கையில் பேரன். எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அவர் கடையில்தான் மாதா மாதம் அரிசி வாங்குகிறேன். என்ன விஷயம் என்று பக்கத்தில் விசாரித்துவிட்டு, அங்கிருந்தபடியே கேட்டார்.

"செவுத்தத் தாங்குனவங்க தானே நீங்க?"

நடிகை எழுந்து நின்றுவிட்டார். "என்ன சொன்னீங்க?"

"எங்க அத்தா திருச்சியில வாங்கிட்டு வந்த டிவிங்க. கறுப்பு வெள்ளைதான். தெருவே எங்க வீட்டுலதான் பாக்கும். எல்லாரும் பாகம் பிரிக்கச் சண்ட போடுறாங்க. செவுரு பின்னால இருந்து சாயுது. நீங்க திரும்பிக்கூடப் பாக்காம அதத் தோளுல தாங்கிக்கிட்டே பேசுனீங்க. வீடு ஒடையுது, இந்தப் புள்ள ஒத்தையில தாங்குதேன்னு எங்கம்மா ஓன்னு அழுதாங்க."

"வெட்டலையா?" என்றார் நடிகை. அது கேள்வி மாதிரியே இல்லை. "வெட்டலையா! வெட்டவே இல்லையா!" அப்படியே ஆய்வாளரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "சார், அது செவுரு இல்ல சார், ஒட்டுப்பலகை! ஆணி கழண்டுகிட்டுச் சாஞ்சது. விட்டா காட்சி போயிடும்னு முதுகக் குடுத்து நின்னேன். கோளாறு அதுதான்!"

"கோளாறா?" அரிசிக்கடை அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அதான கதையே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் மாமியார், நான் வீட்டைத் திறமையாக நடத்துகிறேன் என்று பாராட்ட வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "செவுத்தத் தாங்குறவ." பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள். பெண் பார்க்கப் போகும்போதும் சொல்வார்கள். இந்த ஊரின் பழைய பேச்சு என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆணி கழன்ற ஓர் ஒட்டுப்பலகையிலிருந்து வந்த பேச்சு அது! மேடையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் கணவரைப் பார்த்தேன். அவர் மைசூர்பாகு வாயோடு தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வசனத்த இப்பப் பேசுங்கக்கா!" என்று கூட்டம் கத்தியது.

நடிகை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். தொண்டையைச் செருமினார். வலது தோளைப் பின்னால் சாய்த்தார். பின்னால் வெற்று இடம். ஒரு கணம் தடுமாறினார். யாரும் கேட்காமலே காதுகுத்துக்கு வந்த பெண்கள் நான்கைந்து பேர் வாசலுக்கு ஓடி, அங்கே நிறுத்தியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரைச் சட்டத்தோடு தூக்கி வந்து அவர் முதுகில் சாய்த்தார்கள். காதுகுத்துகிற குழந்தையும், அதன் தாய்மாமன்கள் எட்டுப் பேரும் கூலிங் கிளாஸோடு அவருக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்தார்கள்.

"பாகம் பிரிக்கிறதுன்னா எல்லாத்தையும் பிரிங்க" என்று ஆரம்பித்தார். "நான் பேசாத பேச்செல்லாம் இந்த வீட்டுலதான் கெடக்கு. அது யாரு பங்கு?"

பக்கத்துக் கூடத்தில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு வார்த்தை தடுக்காமல் முழுவதையும் பேசி முடித்தார். பேனர் கனத்தில் இரண்டு தடவை உண்மையிலேயே முன்னால் சாய்ந்தார், உண்மையிலேயே தாங்கினார். கைதட்டலுக்கு நிரலில் நான் இடம் விடவில்லை. அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது.

பிறகு தேநீரும் காதுகுத்துச் சாப்பாடும் ஒன்றாகிவிட்டன. எங்கள் வட்டத்துக்காரர்கள் முன்பின் தெரியாத வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வாங்கிக் குடித்தார்கள். நடிகைக்குத் தாய்மாமன் வரிசைக்குப் பக்கத்திலேயே இலை போட்டார்கள். ஆய்வாளர் அரிமளத்துக்காரரிடம் கப்பல் எந்தப் பக்கம் போனது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் கிளம்பும்போது அரிசிக்கடை அம்மா கண்ணாடியைத் தட்டினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கிக் கட்டியிருந்த சேலை என்ன கலரு? எங்க டிவில தெரியல. எங்கம்மா மஞ்சளும்பாங்க, நான் ரோஸுன்னு சொல்லுவேன். இன்னும் தீரல."

நடிகை கண்ணாடியை முழுவதும் இறக்கி, தலையையே வெளியே நீட்டினார்.

"கிளிப்பச்ச! அரக்கு பார்டர்!"

"கிளிப்பச்சையாம்!" என்று அரிசிக்கடை அம்மா திரும்பிக் கூட்டத்துக்குக் கத்தினார். "கிளிப்பச்சையாம்டி!" என்று அது வாசலைத் தாண்டி, பந்தி வரைக்கும் போனது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "நான் அப்பவே சொன்னேன்ல!"