வெயிலில் பிடித்த நிறமி

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். யார் தயவும் இல்லாமல் மேகமலையில் ஏலத்தோட்டம், போடியில் கடை, காயை உலர்த்த மூன்று ஸ்டோர் கட்டியிருக்கிறேன்.

சின்னமனூரில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. பக்கத்து சீட்டுப் பெண் தூத்துக்குடியில் பவளப்பாறை பற்றிப் படிக்கிறாள். பவளத்திலிருந்து பிரித்த நிறமியை ஆறு குழாய்களில் ஐஸ்பெட்டியில் வைத்து, உத்தமபாளையம் கல்லூரியில் அளக்கக் கொண்டுபோகிறாள்.

"கடல் சூடானா பவளத்துக்குள்ள இருக்குற பாசி வெளியேறிரும், அய்யா. நிறமி குறஞ்சு பவளம் வெளுத்துரும்."

"இம்புட்டுத்தானா, தாயி? ஸ்டோர்ல சூடு கூடுனா ஏலக்காயும் அப்படித்தான் வெளுக்கும்."

வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்காமல் ஏலக்காய்க்காரன் எதையும் நம்பமாட்டான். ஒரு குழாயை எடுத்து ஜன்னல் வெயிலில் காட்டுகிறேன்.

"அய்யோ, வெயில் பட்டா நிறம் போயிரும்! மூணு மாச உழைப்பு!" என்று பிடுங்குகிறாள். "மிச்சம் அஞ்சையாவது தொடாதீக!"

"பச்சை முதல் தரம், தாயி" என்று சொல்லிவிட்டு, என் துண்டால் பெட்டியைப் பொத்துகிறேன். பஸ் கிளம்பும்வரை ஒரு பயலையும் நெருங்க விடவில்லை.

"கெட்டுப்போன குழாய்க்கு உங்க பேரைத்தான் எழுதப்போறேன்" என்கிறாள்.

தாராளமாக எழுதட்டும். ஆனால் ஐந்தைக் காப்பாற்றியதும் நான்தான். அதை ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடவேண்டும்.